நாற்பது மத்தியானம்

அத்தியாயம் 14

கூட்ட நோட்டீஸில் தன் பெயருக்கு நேர் எதிரே மனைவியின் பெயர் அச்சாகியிருந்ததை இளையபெருமாள் வெள்ளிக்கிழமை பார்த்தார். அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் வாய் திறக்கவில்லை. ஞாயிறு விடிந்ததும் திறந்தார்.

“மத்தியானம் பன்னண்டு பேரு சாப்பிட வராங்க. வடை, பாயசத்தோட இருக்கணும்.”

சிந்தாமணி அடுப்பில் சுள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்குக் கூட்டம். பன்னிரண்டு பேர் உண்டு எழுந்து, இலை எடுத்து, இடம் மெழுகி முடிக்க மூன்று ஆகிவிடும். அதற்குத்தான் இந்த விருந்து என்பது அவளுக்கு விளங்கியது.

“நேத்தே சொல்லியிருந்தா சாமான் எடுத்து வச்சிருப்பேன்.”

“நீ மேடை ஏறப்போறத எங்கிட்ட நேத்து சொன்னியா, முந்தாநாள் சொன்னியா?”

அவள் அடுத்த சுள்ளியை முறித்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

அந்த நோட்டீஸ் அரியலூர் முழுக்கச் சுவரில் ஒட்டியிருந்தது. ஒரு மனைவி உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டக் கூடாது என்று சென்னையில் ஒரு மசோதா வந்திருக்கிறது அல்லவா, அந்தச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று மாதர் சங்கம் ஒரு விவாதம் வைத்தது. வேண்டாம் என்று பேச இளையபெருமாள். சுற்றுவட்டாரத்தில் அவர் நாக்குக்கு இணை கிடையாது என்பார்கள். வேண்டும் என்று பேச ஒரு பெண் முன்வரட்டும் என்று சங்கத்துக் காரியதரிசி லீலா மேரி டீச்சர் தெருத்தெருவாகக் கேட்டுப் பார்த்தாள். எந்த வீட்டுக் கதவும் திறக்கவில்லை. ஆறாவது நாள் சிந்தாமணி தானே பள்ளிக்கூடத்துக்குப் போய், “நான் பேசறேன் டீச்சர்” என்றாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. பெற்ற ஒரே மகன் நாலு வயதில் காய்ச்சலில் போனான். பிறகு வயிறு திறக்கவில்லை. நாற்பத்தாறு வயது இளையபெருமாளுக்கு இப்போது வாரிசு வேண்டுமாம். தா.பழூர் அங்கமுத்துவின் இளைய மகள் தனத்தை மாசி முகூர்த்தத்தில் கட்டுவதாகப் பேச்சு. சட்டம் வந்துவிட்டால் முடியாது, அதனால் அவசரம். அந்தத் தனத்துக்கு வயது பத்தொன்பது. இந்த வீட்டிலேயே இருக்கும் அம்சவள்ளியின் உடன்பிறந்த தங்கை அவள். அம்சவள்ளி, இளையபெருமாளின் தம்பி உத்திராபதியின் மனைவி.

கூட்டத்தை நிறுத்தச் சொல்லி இரண்டு பேர் இளையபெருமாளிடம் வந்தார்கள். அவர் சிரித்தார்.

“பொண்டாட்டிக்குப் பயந்து நிறுத்திப்புட்டான்னு ஊரு பேசணுமா? கூட்டம் நடக்கட்டும், அவளும் பேசட்டும். நாலு வார்த்தை பேசுவா, அழுவா, எறங்குவா. அதோட இந்த வூட்டுல அவ வாயி அடங்கிரும்.”

*

ஒன்பது மணிக்கு அம்சவள்ளி அரிவாள்மணையோடு சமையலறைக்குள் வந்தாள். ஒரே வீடானாலும் இரண்டு அடுப்பு. இந்த அடுப்படியில் அவள் கால் வைத்து ஆறு வருஷம் ஆகிறது. கேட்காமலே பூசணிக்காயை இழுத்துப் போட்டு நறுக்கத் தொடங்கினாள்.

“ஒனக்காக வரல,” என்றாள். “புகையில ஒன் தொண்டை கட்டிக்கிட்டா எந்தங்கச்சி வாழ்க்கை போயிரும். நீ அடுப்புகிட்ட நிக்காத. வடைக்கு அரைச்சுக் குடு, நான் சுடறேன்.”

“எண்ணெ அதிகம் ஊத்தாத.”

“ஒன் எண்ணெய நான் குடிக்கப் போறதில்ல.”

இருவரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். நாற்பது நாளாக அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

நாற்பது நாளுக்கு முன், ஆண்கள் வயலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், சிந்தாமணி மாட்டுக் கொட்டகையில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பசுவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. அம்சவள்ளி நின்றாள்.

“மாடு கை தட்டுமா?”

ஆறு வருஷத்தில் அவள் தன் ஓரகத்தியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“எந்தங்கச்சி இந்த வூட்டுக்கு ரெண்டாந்தாரமா வரக்கூடாது. எங்கப்பாகிட்ட சொன்னேன், கேக்கல. ஊரு முன்னால யாராச்சும் கேட்டாத்தான் அவருக்கு உறைக்கும். பேசு, கேக்கறேன்.”

சிந்தாமணி பேசினாள். மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. தலை நிமிரவில்லை; முந்தானை நுனியைத் திருகித் திருகிக் கயிறாக்கியிருந்தாள்.

“இதுக்கா எட்டுப் பக்கம் எழுதின?” என்றாள் அம்சவள்ளி. “ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ ‘வந்து, வந்து’ங்கற. யாரு வந்தா?”

மறுநாள் மடி நிறையப் புளியங்கொட்டையோடு வந்தாள். ஒவ்வொரு ‘வந்து’வுக்கும் ஒரு கொட்டை சிந்தாமணியின் காலடியில் வந்து விழுந்தது. முதல் நாள் முப்பத்தெட்டு. ஒரு வாரத்தில் ஒன்பது. பிறகு ஒன்றுமில்லாத ஒரு நாளும் வந்தது. அன்றைக்குப் பேச்சே உப்பில்லாமல் இருந்தது என்று அம்சவள்ளி குறை சொன்னாள்.

பாடமாக ஒப்பிப்பதைச் சிந்தாமணியே நிறுத்தினாள். ஒப்பித்தால் ஒரு வார்த்தை நழுவினாலும் பின்னால் வருவதெல்லாம் சேர்ந்து நழுவும் என்பது அவளுக்குத் தெரியும். பதினைந்து வருஷம் கணவரின் பேச்சுக்குக் காகிதம் பிடித்தவள் அல்லவா. சொல்ல வேண்டியதை ஐந்தாக வகுத்தாள். கட்டைவிரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு ஒன்று என்று ஐந்து விரலுக்கும் ஐந்து. வார்த்தை தினம் ஒரு மாதிரி வரட்டும், வரிசை மாறக் கூடாது.

குரல் எழும்பவில்லை. அம்சவள்ளி உரலைக் கொட்டகை வாசலுக்கு உருட்டி வந்து நெல் குத்தினாள். உலக்கைச் சத்தத்துக்கு மேலே கேட்டால்தான் நிறுத்துவாள். கத்தினால் இரண்டே நிமிஷத்தில் தொண்டை கரகரத்தது. மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்து, வாக்கியத்தின் கடைசி வார்த்தையை விழுங்காமல் விட்டால் போதும் என்று கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆனது.

அப்புறம்தான் கடினமான பாடம் வந்தது.

“ஊரு என்னா சொல்லும்னு எனக்குத் தெரியும்,” என்றாள் அம்சவள்ளி. “நானே சொல்லிக்கிட்டு இருந்தவதானே.”

மலடி என்றாள். புருஷனுக்குப் பிடிக்காத கட்டை என்றாள். வாரிசு குடுக்க வக்கில்லாதவளுக்கு வாய் எதுக்கு என்றாள். பேச்சின் நடுவில், எந்த இடம் என்று சொல்லாமல், கூட்டத்தில் எவனோ கத்துவதுபோலக் கத்தினாள். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. முதல் வாரம் சிந்தாமணி நோட்டை மூடிவிட்டு உள்ளே ஓடினாள். இரண்டாம் வாரம் அழுதுகொண்டே பேசினாள். மூன்றாம் வாரம், மலடி என்ற சொல் வந்ததும் நிறுத்தி, மூச்சு நாலு எண்ணி, அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து, பதில் சொன்னாள்.

அம்சவள்ளிக்கு அன்று கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

*

பன்னிரண்டு பேரும் வந்தார்கள். எல்லோரும் இளையபெருமாளின் சிநேகிதர்கள். பரிமாறுகிறவள் காதில் விழட்டும் என்றே பேசினார்கள்.

“மேடையில நிக்கறப்ப காலு நடுங்குமே, பழக்கம் இல்லாதவங்களுக்கு,” என்றார் ஒருவர்.

“ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். விழுந்தாலும் அதுலயே விழட்டும்,” என்றார் இளையபெருமாள்.

நெல் மண்டி வைத்திருக்கும் நரைமீசைக்காரர் ஒருவர் இரண்டாம் தரம் ரசம் கேட்டார். ஊற்றும்போது அவள் முகத்தை அண்ணாந்து பார்த்து, “அம்மா பேச்சும் இதே காரமா இருக்குமா?” என்றார்.

சிரித்தார்கள். சிந்தாமணி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். ‘இவர்கள்தான் முன்வரிசையில் உட்காரப் போகிறவர்கள்’ என்று நினைத்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

இலை எடுத்து முடித்தபோது இரண்டே முக்கால். இளையபெருமாள் வில்வண்டியில் நண்பர்களோடு புறப்பட்டார். மனைவியை ஏறச் சொல்லவில்லை. இரண்டு பெண்களும் வெயிலில் நடந்தார்கள். வழியில் சிந்தாமணி விரல்களை மடக்கி மடக்கி ஏதோ முணுமுணுத்தாள்.

“இப்ப போட்டுக் குழப்பிக்காத,” என்றாள் அம்சவள்ளி. “இத்தினி நாள் வராதது இந்த ரெண்டு மைல்ல வந்துரப் போவுதா? நான் கடைசியில மில்லு சுவரோரம் உக்காருவேன். எனக்குக் கேட்டா எல்லாருக்கும் கேக்கும். கேக்கலேன்னா கையைத் தூக்குவேன்.”

ரைஸ் மில் களத்தில் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். திருச்சியிலிருந்து வர வேண்டிய மைக் செட் வரவில்லை. இளையபெருமாளுக்கு அதில் சந்தோஷம். அவர் குரல் பந்தலைத் தாண்டி ரயில்வே ஸ்டேஷன் வரை போகும். ஐந்நூறு பேருக்குக் குறையாது. பெண்கள் பக்கம் எதிர்பார்த்ததைவிட நிறையவே வந்திருந்தார்கள். ஆண்கள் வரிசையில் தா.பழூர் அங்கமுத்து உட்கார்ந்திருந்தார். மருமகனாகப் போகிறவர் பேச்சைக் கேட்க அவரை அழைத்து வந்தவரே இளையபெருமாள்தான்.

தலைமை வகித்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். ஆளுக்கு இருபது நிமிஷம் என்று சொல்லிக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

*

இளையபெருமாள் எழுந்ததும் கைதட்டல். துண்டைச் சரிசெய்த விதத்துக்கே இன்னொரு கைதட்டல்.

ஊருக்குத் தெரியாத ஒன்று சிந்தாமணிக்குத் தெரியும். அந்த நாக்கு பிறவியில் வந்ததல்ல. கல்யாணமான புதிதில் அவர் ஒரு கூட்டத்தில் திக்கித் திணறி இறங்கியவர். அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் மூன்று நாள் கிணற்றடியில் நின்று பேசிப் பார்ப்பார். அவள் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கே தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்வாள். கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருவாள். அவர் தடுக்கினால் அவளைப் பார்ப்பார். அவள் உதட்டை அசைப்பாள். வருஷம் ஆக ஆக, ‘நாக்கிலே சரஸ்வதி’ என்று ஊர் சொன்னதை அவரே நம்பத் தொடங்கினார். இந்தக் கூட்டத்துக்கு ஒரு நாள்கூடக் கிணற்றடிக்குப் போகவில்லை. நேற்று சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு யோசித்ததோடு சரி.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. ராஜாக்களைச் சொன்னார். சட்டசபையில் இருப்பவர்களுக்கு ஒரு பெண்டாட்டியையே சமாளிக்கத் தெரியாது, அதனால்தான் இந்தச் சட்டம் என்றார். ஆண்கள் பக்கம் குலுங்கியது.

“சபையோரே, சட்டத்தால் ஆகாதவை மூன்று,” என்று கையை உயர்த்தினார். “ஒன்று, சட்டம் போட்டு மழையைப் பெய்ய வைக்க முடியாது. இரண்டு, சட்டம் போட்டு மண்ணை விளைய வைக்க முடியாது. மூன்று...”

நின்றார்.

சிந்தாமணி திடுக்கிட்டாள். மூன்று வருஷத்துக்கு முன் ரேஷன் கூட்டத்துக்காகக் கிணற்றடியில் அவளே எடுத்துக் கொடுத்த வரி அது. மூன்று, சட்டம் போட்டு மனசை மாற்ற முடியாது. அதற்குத்தான் எப்போதும் பெரிய கைதட்டல்.

அவர் பார்வை பழக்கத்தில் முன்வரிசை இடதுபுறம் போனது. அங்கே லீலா மேரி டீச்சர் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாக மேடையிலேயே எதிர் நாற்காலிக்குத் திரும்பியது. மனைவியைப் பார்த்தார். அது கேட்கிற பார்வை. பதினைந்து வருஷமாகக் கேட்ட அதே பார்வை.

அவள் உதடு தானாக அசையப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டு கையையும் மடியில் வைத்து, கூட்டத்தைப் பார்த்தாள்.

“மூன்று... மண்ணை விளைய வைக்க முடியாது,” என்றார் இளையபெருமாள்.

“அது ரெண்டாவது,” என்றது பந்தலின் ஓரத்திலிருந்து ஒரு குரல். பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அதற்கப்புறம் அவர் கத்தினார். கத்தக் கத்த வரிசை இன்னும் குழம்பியது. பன்னிரண்டு நிமிஷத்தில் உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்த துண்டு நனைந்திருந்தது.

*

“திருமதி சிந்தாமணி.”

எழுந்தாள். முதல் வாக்கியம் அவளுக்கே கேட்கவில்லை. முன்வரிசையில் நரைமீசைக்காரர் பக்கத்து ஆளின் தொடையில் தட்டினார்.

மில் சுவரோரம் அம்சவள்ளியின் கை உயர்ந்தது.

சிந்தாமணி நிறுத்தினாள். மூச்சை உள்ளே இழுத்தாள். எதிரே நெல் குத்தும் சத்தம் கேட்பதாக நினைத்துக்கொண்டு, அந்தச் சுவரைப் பார்த்து, முதலிலிருந்து தொடங்கினாள்.

“எல்லாருக்கும் நமஸ்காரம். நான் மேடையில பேசறது இதான் முதல் தடவை. தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க. ஆனா நடுவுல நிறுத்த மாட்டேன்.”

அம்சவள்ளியின் கை இறங்கியது.

கட்டைவிரல். “இங்க நெலம் வச்சிருக்கறவங்க நிறைய பேரு இருக்கீங்க. ஒரு காணி நெலத்தை ஒருத்தருக்கு எழுதிக் குடுத்துட்டு, அதே நெலத்தை இன்னொருத்தருக்கும் எழுதிக் குடுத்தா அதுக்கு என்னா பேரு? மோசடி. கோர்ட்டு இருக்கு, தண்டனை இருக்கு. அக்கினி சாட்சியா ஒருத்திக்குக் குடுத்த வாக்கை இன்னொருத்திக்கும் குடுத்தா, அதுக்கு மட்டும் மேளம் வச்சு ஊர்வலம்.”

பெண்கள் பக்கத்தில் சத்தம் எழுந்தது. ஆண்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. நிலத்தைப் பற்றிய பேச்சுக்கு அந்த ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஆள்காட்டி விரலுக்குப் போகும் முன்பே நரைமீசைக்காரர் எழுந்துவிட்டார்.

“புள்ள பெத்துக் குடுக்காதவளுக்குப் பேச்சு என்னாத்துக்கு?”

பந்தல் முழுக்கச் சிரிப்பு. தலைவர் மேசையைத் தட்டினார். இளையபெருமாள் காலை ஆட்டிக்கொண்டு மனைவியின் கண்ணைப் பார்த்தார். அழுகைக்காகக் காத்திருந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவள் நரைமீசைக்காரர் பக்கம் திரும்பினாள்.

“ஐயா கேட்டது நல்ல கேள்வி. இன்னிக்கு மத்தியானம் என் கையால சாப்பிட்டவரு, அதனால மரியாதையாவே சொல்றேன். புள்ள இல்லாத ஆம்பளைக்கு ஊரு இன்னொரு பொண்டாட்டியக் குடுக்குது. புள்ள இல்லாத பொம்பளைக்கு என்னா குடுக்கும்? ஐயாவே சொல்லட்டும். அதுவரைக்கும் நான் நிக்கறேன்.”

நின்றாள். அவர் உட்காரவும் முடியாமல் பேசவும் முடியாமல் இரண்டு பக்கமும் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். இந்த முறை கைதட்டல் ஆண்கள் பக்கத்திலும் கொஞ்சம் கேட்டது.

பிறகு அவளுக்குப் பயம் இல்லை. ஆனால் பிசகு இருந்தது. மோதிர விரலுக்கான விஷயம் சுத்தமாக மறந்துபோனது. அதைத் தேடி நிற்காமல் சுண்டுவிரலுக்குப் போனாள். பதினெட்டாவது நிமிஷம் முடித்தாள். விட்டுப்போனது ஐந்நூறு பேரில் அம்சவள்ளி ஒருத்திக்குத்தான் தெரியும்.

தலைவர் கையெண்ணச் சொன்னார். சட்டம் வேண்டாம் என்றவர்களே ஜெயித்தார்கள், பதினேழு கை வித்தியாசத்தில். பதினேழுதானா என்று ஊரே வாயைப் பிளந்தது. அங்கமுத்து எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. அதை இளையபெருமாள் பார்த்தார்.

எழுந்து நின்று, “நேரம் பத்தல,” என்றார். “அடுத்த ஞாயிறு பெரம்பலூர்ல இதே தலைப்புல பேச என்னைக் கூப்பிட்டிருக்காங்க. எதிர்த்தரப்பு அங்க வருமா?”

லீலா மேரி டீச்சர் சிந்தாமணியைப் பார்த்தாள்.

“வரேன்,” என்றாள் சிந்தாமணி. சொன்ன பிறகுதான் எந்த ஊர் என்பது உள்ளே இறங்கியது.

பந்தலுக்கு வெளியே அங்கமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு இளையபெருமாளிடம் ஒரே வரி சொன்னார்.

“மாசி போகட்டுங்க. பங்குனியில பேசிக்கலாம்.”

*

வீட்டில் அவர் கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளே வந்ததும் கேட்டார்.

“மூணாவது ஒனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்த.”

“இத்தனை வருஷம் தெறந்ததுக்கு என்னா கெடச்சுதுங்க?”

அவர் எழுந்தார். கை ஓங்குவாரோ என்று ஒரு கணம் நினைத்தாள். ஓங்கவில்லை.

“இன்னிக்கு நான் படிக்காம போனேன். அது எந்தப்பு. இந்த வாரம் பூரா படிக்கப் போறேன்,” என்றார். “ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கறதும் பாத்தேன். நீ சுவரப் பாத்துத் தொடங்கினப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் ஒன்னைப் பாக்கற மாதிரிதானே நீ அவளப் பாத்த.”

பிறகு தம்பி உத்திராபதியைக் கூப்பிட்டார். தம்பியோடு அம்சவள்ளியும் வரட்டும் என்றார். கதவு சாத்திக்கொண்டது.

சிந்தாமணி குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். வெயில் தணிந்து, மாடு திரும்பும் நேரம். கயிற்றை இறக்கினாள். இரண்டு குடம் நிறைந்தது. மூன்றாவதுக்கு இறக்கும்போது அம்சவள்ளி வந்து எதிர்ப்பக்கம் நின்றாள்.

“மோதிர விரல விட்டுட்ட,” என்றாள்.

“மறந்துபோச்சு.”

“பெரிய மாமா என்னா கேட்டாருன்னு கேக்க மாட்டியா?”

“சொல்லத்தானே வந்த. சொல்லு.”

“நீ எதுக்கு ஒடைவன்னு என்னைக் கேட்டாரு. இத்தினி நாளா அவள அடிச்சுப் பாத்தவ நீதான், எங்க அடிச்சா விழுவான்னு ஒனக்குத் தெரியும்னாரு. சொன்னா தனத்த விட்டுடறாராம். வேற எடத்துல பொண்ணு பாத்துக்கறாராம். நடுவீட்டுல வெளக்கு முன்னால சத்தியம் பண்ணித் தரேன்னாரு.”

சிந்தாமணி கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

“என்னா சொன்ன?”

“இன்னும் சொல்லல. சொல்ல மாட்டேன்னும் சொல்லல.”

இருவருக்கும் தெரியும் அது எந்த விஷயம் என்று. நாற்பது மத்தியானத்திலும் அம்சவள்ளி அதை மட்டும் வாயில் எடுக்கவில்லை. அடுப்பு இரண்டானது எண்ணெய்க்கும் விறகுக்கும் அல்ல, அதனால்தான்.

ஆறு வருஷத்துக்கு முன், யுத்த காலம். மகனுக்குக் காய்ச்சல். அன்றைக்கு இளையபெருமாளுக்குப் பெரம்பலூரில் கூட்டம். ‘நீ முன்னால உக்காரலேன்னா எனக்கு ஓடாது, ராத்திரிக்குள்ள திரும்பிடலாம்’ என்று அவளை இழுத்துப் போனார். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் பஸ் ஓட்டிய காலம்; கூட்டம் முடிந்து ஏறிய பஸ் பாதி வழியில் நின்றது. மறுநாள் காலை வந்தபோது குழந்தை அம்சவள்ளியின் மடியில் இருந்தான். உடம்பு குளிர்ந்து நாலு மணி நேரமாகியிருந்தது.

“அம்மா எங்க, அம்மா எங்கன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தான்,” என்றாள் அம்சவள்ளி. அவள் குரலில் இப்போதும் இரக்கம் இல்லை. “நான் என்னா பதில் சொல்வேன்? ஒன்ன மன்னிக்கல. இன்னிக்கும் மன்னிக்கல. அத நீ தெரிஞ்சுக்க.”

“தெரியும்.”

“அவரே அத மறந்துபோயிட்டாரு. அன்னிக்கு ஒன்னை இழுத்துக்கிட்டுப் போனது தானுங்கறது அவரு மனசுலயே இல்ல. நான் எடுத்துக் குடுத்தா, பெரம்பலூர் மேடையில ஒன்னையக் கேப்பாரு. அந்த ஊர்லயே வச்சு.”

கயிறு சிந்தாமணியின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டிருந்தது. குடம் தண்ணீரில் முட்டி முட்டிச் சத்தம் போட்டது.

“அவருகிட்ட சொல்றதும் சொல்லாததும் ஒன் இஷ்டம்,” என்றாள். “தனத்துக்காக நீ சொன்னாலும் நான் ஒன்னைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அவரு கேக்கறதுக்கு முன்னால நீ கேளு. இப்பவே. மேடையில எப்படிக் கேப்பாரோ அப்படி.”

அம்சவள்ளி அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு இரண்டு அடி பின்னால் போய் நின்று, இளையபெருமாளைப் போலவே கையை உயர்த்தி, அந்தக் குரலிலேயே கேட்டாள்.

“பெற்ற மகன் காய்ச்சலில் கிடந்த அன்று, தாய் எங்கே இருந்தாள்?”

சிந்தாமணி வாயைத் திறந்தாள். மூச்சை இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினாள். ஐந்து, ஆறு என்று எண்ணினாள். குரல் வரவில்லை.

“பதில் இருக்கு,” என்றாள் அம்சவள்ளி. “ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாயால வரணும்.”

கூடத்தில் இளையபெருமாள் ஏதோ காகிதத்தைப் பார்த்து உரக்கப் படிப்பது கிணற்றடி வரை கேட்டது. இப்போதே தொடங்கிவிட்டார்.

சிந்தாமணி கயிற்றை விட்டாள். குடம் தண்ணீரில் முங்கும் சத்தம் அடங்கும் வரை காத்திருந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இன்னொரு தடவ கேளு,” என்றாள்.